கண்ணாடி ஸ்லைடில் நானோலிட்டர் அளவில் 192 துளிகள்: ஆன்டிபயாடிக் சோதனைக்குத் துளி வரிசை தயாரிப்பது எப்படி

கண்ணாடி ஸ்லைடில் நீரை ஈர்க்கும் வட்டப் புள்ளிகளை அமைத்து, சுற்றியுள்ள இடம் முழுவதையும் நீரை விலக்கும் பரப்பாக மாற்றிவிட்டால், துளி போட பிப்பெட் தேவையில்லை. ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரவத்தை இழுத்துச் சென்றால் போதும். விலக்கும் பரப்பை விட்டுத் திரவம் விலகி ஓடும், ஒவ்வொரு புள்ளியிலும் அறுந்து ஒரு துளியாக நின்றுவிடும். ஹார்வர்டில் ஜார்ஜ் வொயிட்சைட்ஸ் குழு 1998-இல் நுண்குழிகளை நிரப்ப இதே உத்தியைக் கையாண்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் பாவெல் லெவ்கின் குழு இதைத் தட்டையான பரப்பில் செல் வளர்ப்புக்கும் மருந்துச் சோதனைக்கும் ஏற்றபடி வளர்த்தெடுத்தது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை, ஈ. கோலை பாக்டீரியாவுக்கு எதிராக சிப்ரோஃப்ளாக்சசினின் எம்ஐசி அளவை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிவது. இது ஆய்வுக்கான முறை. வழக்கமான மைக்ரோடைல்யூஷன் முறையோடு (குழித் தட்டில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்ப்பது) பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிபார்க்காமல், இதன் முடிவை வைத்து எந்த நோயாளிக்கும் மருந்து எழுதக்கூடாது.

முதலில் கணக்கு

புள்ளியின் விட்டம் 1 மில்லிமீட்டர், மையத்திலிருந்து மையத்துக்கு 2.25 மில்லிமீட்டர், 8 வரிசை, 24 நிரல். இந்த 2.25 என்பது 1536 குழித் தட்டின் இடைவெளி. அதனால் ஒவ்வொரு நான்காவது புள்ளியும் 96 குழித் தட்டின் 9 மில்லிமீட்டருக்குச் சரியாக வரும், மல்ட்டிசேனல் பிப்பெட்டும் உதவும். 25 × 75 மில்லிமீட்டர் ஸ்லைடின் நடுவில் இதை அமைத்தால் இரு முனைகளிலும் சுமார் 11 மில்லிமீட்டர் காலியாக இருக்கும். பின்னால் அந்த இடம் தேவைப்படும்.

துளி ஒரு கோளத்தின் தொப்பி போல உட்காரும். துளியின் ஓரம் பரப்போடு உண்டாக்கும் கோணம்தான் தொடுகோணம். புள்ளியின் ஆரத்தை, தொடுகோணத்தின் பாதிக்கு உரிய டான் மதிப்பால் பெருக்கினால் துளியின் உயரம் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் புள்ளியில் தொடுகோணம் 30 டிகிரி என்றால் 54 நானோலிட்டர், 60 டிகிரி என்றால் 126, 90 டிகிரி என்றால் 262. விட்டத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். 0.5 மில்லிமீட்டர் புள்ளியில் 60 டிகிரிக்கு 16 நானோலிட்டர்தான் நிற்கும்.

சின்னதாக்கும் ஆசையை இங்கேயே கட்டுப்படுத்த வேண்டும். எம்ஐசி சோதனைக்கு விதிக்கப்பட்ட பாக்டீரியா அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 5 லட்சம். 126 நானோலிட்டரில் அது சராசரியாக 63 செல். 16 நானோலிட்டரில் வெறும் 8. 5 நானோலிட்டருக்கு இறங்கினால் 2.5 செல்தான், அப்போது 100 துளிகளில் 8 துளிகள் ஒரு செல்கூட இல்லாமல் இருக்கும். மருந்து கொன்றதா, ஆரம்பத்திலிருந்தே காலியா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது. இந்த வேலைக்கு 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகவே வேண்டாம்.

ஸ்லைடைக் கழுவுதல்

2% ஆய்வகச் சோப்புக் கரைசலில் 15 நிமிடம் சோனிகேட்டரில் வையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, ஐசோப்ரோப்பனாலில் 10 நிமிடம் வைத்து, நைட்ரஜன் ஊதி, 110 டிகிரி செல்சியஸ் அவனில் 15 நிமிடம் உலர்த்துங்கள். கடைசியாக ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 5 நிமிடம். பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஸ்லைடில் ஊற்றிய நீர் எங்கும் அறுபடாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். ஓர் இடத்தில் அறுந்தாலும் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது, முதலிலிருந்து கழுவ வேண்டும். பிரான்யா கரைசல் (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) இதற்குத் தேவையே இல்லை. அதன் ஆபத்துக்கு ஈடான பலன் எதுவும் கிடைக்காது.

நீர் விலக்கும் பூச்சு

பூச்சுக்கு ட்ரைகுளோரோ பெர்ஃப்ளூரோ ஆக்டைல் சைலேன். ஃபியூம் ஹூடுக்குள் ஒரு வெற்றிட டெசிகேட்டரில் ஸ்லைடுகளை நிறுத்தி வைத்து, நடுவில் சிறு கண்ணாடி மூடியில் 50 மைக்ரோலிட்டர் சைலேனை விடுங்கள். 5 முதல் 10 நிமிடம் பம்ப்பை ஓட்டி, வால்வை மூடி, 2 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பின்பு 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். சைலேன் ஈரத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், ஆகவே பம்ப்புக்கு முன்னால் வாயுவைப் பிடித்துவைக்கும் ட்ராப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

டொலுவீன் கரைசலில் முக்கி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் சைலேன் கரைசலிலேயே தன்னோடு தானே இணைந்து, ஸ்லைடில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் ஆவி முறைதான் நம்பகமானது.

இந்த முறை முழுவதும் நிற்பதும் விழுவதும் ஓர் எண்ணை வைத்துத்தான். அது பரப்பின் பின்வாங்கு தொடுகோணம். பலரும் ஒரு சொட்டு நீரை வைத்துப் படமெடுத்து 108 டிகிரி என்று பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அந்தப் படம், நின்ற துளியைத்தான் காட்டும். இங்கே நடப்பதோ திரவம் விலகிச் செல்வது. விலகும் நேரத்தில் கோணம் 95 டிகிரிக்கு மேல் இருந்தால் பரப்பு சுத்தமாகக் காயும். 75 என்று விழுந்துவிட்டால் நின்ற துளி 108 காட்டினாலும், திரவம் போன தடமெல்லாம் பொடித்துளிகள் சிதறிக் கிடக்கும்.

இதை அளக்கக் கோனியோமீட்டர் என்ற கோணமானி வேண்டும் என்பதில்லை. பூசிய ஸ்லைடில் 20 மைக்ரோலிட்டர் நீரை வைத்து மெல்லச் சாயுங்கள். நல்ல பூச்சில் 10, 15 டிகிரியிலேயே துளி வழுக்கத் தொடங்கும். 30 டிகிரி சாய்த்தும் நகரவில்லை என்றால் அந்த ஸ்லைடை ஒதுக்கிவிடுங்கள். துளி நகர்ந்தாலும், அது போன வழி உலர்ந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

புள்ளிகளைத் திறத்தல்

0.25 மில்லிமீட்டர் தடிமன் சிலிக்கோன் ஷீட்டில் 192 துளைகளை லேசரில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். லேசர் கரியை ஐசோப்ரோப்பனாலில் நன்றாகத் தேய்த்து நீக்கிவிட்டு, ஷீட்டைப் பூசிய ஸ்லைடின் மேல் ஒட்டி ரப்பர் ரோலரால் அழுத்துங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் எடுத்து மறுபடி ஒட்டுங்கள். பிறகு 30 முதல் 50 வாட் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 2 முதல் 3 நிமிடம். துளை வழியாக விழும் பிளாஸ்மா அங்கிருக்கும் சைலேனை எரித்துவிட்டு வெறும் கண்ணாடியை வெளிக்கொண்டுவரும்.

ஷீட்டை உரித்ததும் ஸ்லைடின் மேல் வாயால் மெல்ல ஊதுங்கள். வேலியில், அதாவது புள்ளிகளைச் சுற்றியுள்ள நீர் விலக்கும் பரப்பில், மூச்சின் ஈரம் நுண்துளிகளாகி வெள்ளையாகப் பனிக்கும். திறந்த புள்ளிகளில் அது படலமாகப் பரவுவதால் அவை கண்ணாடியாகவே தெரியும். வெள்ளைத் தரையில் 192 தெளிவான வட்டங்கள் ஒரு நொடி தெரிந்து மறையும். வட்டத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வால்போல் இழுத்திருந்தால் அங்கே ஷீட் சரியாக ஒட்டாமல் பிளாஸ்மா அடியில் புகுந்திருக்கிறது. எல்லா வட்டமும் பெரிதாகியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள். வட்டத்தின் நடுவில் பனி படிந்தால் சைலேன் இன்னும் போகவில்லை. இந்த ஊதல், பாக்டீரியா வேலைக்கு எடுக்காத ஒரு மாதிரி ஸ்லைடில் மட்டும்.

திறந்த கண்ணாடி காற்றிலுள்ள கரிமப் பொருள்களை ஈர்த்து மணிக்கணக்கில் மங்கிக்கொண்டே வரும். அதனால் சைலேன் பூசிய ஸ்லைடுகளை மொத்தமாகச் செய்து உலர்ந்த பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்மாவை மட்டும் சோதனை நாளன்று காலையில் வைத்துக்கொள்ளலாம். வேறு வேலைக்கு 300 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த புள்ளி வேண்டுமென்றால் ஷீட் போதாது, ஒளியால் வடிவம் பதிக்கும் ஃபோட்டோரெசிஸ்ட் வழிக்குப் போக வேண்டும்.

மருந்து ஸ்லைடு

மருந்தைப் புள்ளிகளில் காயவைத்துவிட்டு, அதே ஸ்லைடின் மேல் பாக்டீரியாத் திரவத்தை இழுத்தால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். இழுபடும் திரவம் முதல் புள்ளியின் மருந்தைக் கரைத்து அடுத்த புள்ளிக்குச் சுமந்து போகும், கடைசி நிரலில் எந்தச் செறிவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து ஒரு ஸ்லைடில், பாக்டீரியா இன்னொரு ஸ்லைடில், இரண்டையும் முகத்தோடு முகம் சேர்ப்பதுதான் வழி.

மருந்து ஸ்லைடில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.2 மைக்ரோலிட்டர் விட்டு, தூசியில்லாத இடத்தில் இருட்டில் காயவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வெளிச்சத்தில் சிதையும். 200 நானோலிட்டரில் உள்ள மருந்து பின்னால் 126 நானோலிட்டரில் கரையப்போவதால், விடும் கரைசல் இறுதிச் செறிவின் 0.63 மடங்காக இருக்க வேண்டும். இறுதியில் 0.016 வேண்டுமானால் 0.01 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர் கரைசலை விடுங்கள். ஏழு வரிசைக்கு இறுதிச் செறிவு 0.002, 0.004, 0.008, 0.016, 0.03, 0.06, 0.12 என்று இரட்டிப்பாக ஏற்றி, எட்டாவது வரிசையை மருந்தில்லாமல் விடுங்கள்.

கொலிஸ்டின் போன்ற நேர்மின் சுமை கொண்ட மருந்துகளை இந்த ஸ்லைடில் சோதிக்க வேண்டாம். பிளாஸ்மா பட்ட கண்ணாடி எதிர்மின் சுமை கொண்டது. இவ்வளவு சின்னத் துளியில் திரவத்தின் அளவோடு ஒப்பிட்டால் கண்ணாடிப் பரப்பு மிக அதிகம். மருந்தில் கணிசமான பங்கு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், எம்ஐசி பொய்யாக உயர்ந்து தெரியும்.

துளிகளை இழுத்தல்

ஈ. கோலையை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலுக்கான தர அளவு) கலங்கலுக்குக் கொண்டுவந்து, கேஷன் சரிசெய்த ம்யுல்லர் ஹிண்டன் பிராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டத் திரவம்) 200 மடங்கு நீர்க்கச் செய்தால் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் கிடைக்கும். அதிலேயே வளர்ச்சியைக் காட்டும் சாயமான ரெசாசுரின் 0.002% சேர்த்துவிடுங்கள்.

1. ஸ்லைடை 15 டிகிரி செல்சியஸ் குளிர்தட்டில் வையுங்கள். காரணம் கீழே.
2. பூசாத 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்பை ஸ்லைடுக்கு மேலே 1 மில்லிமீட்டர் உயரத்தில் சற்றுச் சாய்வாகப் பிடிக்கும் ஒரு பிடிமானம் செய்துகொள்ளுங்கள்.
3. கவர் ஸ்லிப்புக்கும் ஸ்லைடுக்கும் நடுவே 150 மைக்ரோலிட்டர் திரவத்தை விடுங்கள். அது நீள மணியாகப் பிடித்துக்கொள்ளும்.
4. நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் நிற்காமல் இழுங்கள். சிரிஞ்ச் பம்ப்பின் தள்ளியோடு பிடிமானத்தைக் கட்டினால் கை நடுக்கம் இருக்காது.
5. கடைசி மூன்று நிரலுக்கு முன்னால் நிறுத்தி மீதியை உறிஞ்சி எடுங்கள். அந்த 24 புள்ளிகளில் பாக்டீரியா இல்லாத பிராத்தைப் பிப்பெட்டால் விடுங்கள். அவை ஒப்பீட்டுத் துளிகள்.

வேகம் கூடினால் துளி பெரிதாகும், அதற்கும் மேலே போனால் வேலியிலும் படலம் இழுபடும். பிராத்தில் உள்ள புரதம் ஒரே இழுப்பில் வேலியில் ஒட்டத் தொடங்கி, பின்வாங்கு கோணத்தைக் குறைத்துவிடும். எனவே ஒரு ஸ்லைடுக்கு ஒரே இழுப்புதான். சரியாக வரவில்லை என்று அதே ஸ்லைடில் இரண்டாவது முறை இழுத்தால் முதல் முறையைவிட மோசமாகவே வரும். டால்பாவான்சின் போன்ற சில மருந்துகளுக்கு பிராத்தில் சோப்புபோல் செயல்படும் பாலிசார்பேட் 80-ஐ 0.002% சேர்க்கச் சொல்வார்கள். அந்தத் திரவத்தை இந்தத் தட்டையான ஸ்லைடில் இழுக்க முடியாது, பரப்பு இழுவிசை இறங்கி வேலி முழுவதும் நனைந்துவிடும்.

குளிர்தட்டு எதற்கு? 25 டிகிரி, 50% ஈரப்பத அறையில் தனியாக நிற்கும் 126 நானோலிட்டர் துளி நொடிக்கு 0.7 நானோலிட்டர் இழக்கும். ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் துளியே இருக்காது. 0.5 மில்லிமீட்டர் புள்ளியென்றால் முக்கால் நிமிடம்தான். இழுத்து முடிப்பதற்குள்ளேயே முதல் நிரல் சில சதவீதம் சுருங்கிவிடும். அந்த அறையின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 14 டிகிரி. ஸ்லைடை அதற்கு ஒரு டிகிரி மேலே, 15-இல் வைத்தால் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும். பனிநிலைக்குக் கீழே இறங்கினால் வேலியில் பனி படிந்து துளிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். உங்கள் அறையின் பனிநிலையை அன்றன்று பார்த்துத் தட்டைச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு நின்றது?

மேலே சொன்ன 126 என்பது கணக்கு. உண்மையில் நின்றதை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். பாக்டீரியா இல்லாத பிராத்தை முழு ஸ்லைடிலும் இழுத்து, 0.1 மில்லிகிராம் தராசில் வையுங்கள். 192 துளிகளுக்குச் சுமார் 24 மில்லிகிராம் வர வேண்டும். தராசில் இருக்கும்போதும் நொடிக்கு 0.1 மில்லிகிராம் வரை ஆவியாவதால் ஒரு முறை பார்த்து எழுதாதீர்கள். 5 நொடிக்கு ஒருமுறை அரை நிமிடம் குறித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி, தொடக்க எடையை எடுங்கள். சராசரி 60 நானோலிட்டர்தான் என்றால் கவலையில்லை, மருந்துக் கரைசலின் 0.63-ஐ 0.3 ஆக மாற்றினால் போதும்.

துளிக்குத் துளி 10% வேறுபாட்டை நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எம்ஐசி இரட்டிப்பு அளவில் எண்ணப்படுவது, 10% அதில் காணாமல் போய்விடும். ஆவியாகிப் பாதியானால் மட்டும் செறிவு ஒரு முழுப் படி ஏறிவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சேர்த்து மூடுதல்

மருந்து ஸ்லைடைக் கவிழ்த்து, துளி ஸ்லைடின் மேல் இறக்க வேண்டும். இடையில் எவ்வளவு இடைவெளி என்பதற்கு இரு எல்லைகள் உண்டு. துளியின் உயரத்தைவிட அதிகமானால் தொடாது. துளியின் கொள்ளளவைப் புள்ளியின் பரப்பால் வகுத்தால் வரும் அளவைவிடக் குறைந்தால், துளி பிதுங்கிப் பக்கத்துத் துளியை நோக்கி நகரும். 126 நானோலிட்டருக்கு மேல் எல்லை 0.29 மில்லிமீட்டர், கீழ் எல்லை 0.16. இரண்டாம் எண் கவர் ஸ்லிப்பின் தடிமன் 0.19 முதல் 0.23 மில்லிமீட்டர், நடுவில் அழகாகப் பொருந்தும். அதை வெட்டி, முன்பு காலியாக விட்ட இரு முனைகளிலும் வையுங்கள். 60 நானோலிட்டர் என்றால் எல்லைகள் 0.15, 0.08 என்று இறங்கும். அப்போது இந்தக் கவர் ஸ்லிப்பின் உயரம் அதிகம், துளிகள் மேலேயுள்ள ஸ்லைடைத் தொடவே தொடாது, 0.1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வைக்க வேண்டும்.

இரண்டு ஸ்லைடுகளையும் ஒரே மூலையில் முட்டவைக்கும் எல் வடிவச் சட்டம் ஒன்று இருந்தால் பொருத்துவது எளிது. சிறு விலகலைத் துளிகளே இழுத்துச் சரிசெய்துவிடும். நீளவாக்கில் கவிழ்ப்பதால் மருந்து ஸ்லைடின் முதல் வரிசை, கீழே எட்டாவது வரிசையின் மேல் வரும். மூலையில் வைரப் பேனாவால் கீறி அடையாளம் வைக்காவிட்டால் முடிவைத் தலைகீழாகப் படிக்க நேரிடும்.

சேர்த்ததை ஈர வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் வைத்து, பாராஃபிலிம் சுற்றி, 35 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். தட்டு, தாள், ஸ்லைடு மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருந்து சேர்ந்து சூடாக வேண்டும். முன்பே சூடான ஈரப் பெட்டிக்குள் குளிர்ந்த ஸ்லைடை நுழைத்தால் நீராவி முதலில் ஸ்லைடில்தான் படியும், வேலி நனைந்து 192 துளிகளும் நாலைந்து குட்டைகளாகிவிடும்.

படித்தல்

ரெசாசுரின் நீலம், உயிருள்ள பாக்டீரியா அதை இளஞ்சிவப்பான ரெசோருஃபினாக மாற்றும். இந்த நிறத்தை வெறுங்கண்ணால் பார்க்க எதிர்பார்க்காதீர்கள். 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டருக்கு ஆழம் சுமார் 3 மில்லிமீட்டர், இங்கே 0.2. நிறம் பதினைந்தில் ஒரு பங்காக வெளிறும். ஒளிர்வில்தான் படிக்க வேண்டும்: தூண்டல் 550, உமிழ்வு 590 நானோமீட்டர் அருகில்.

4 மணி நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை படமெடுங்கள், கடைசியாக 18 மணி நேரம் ஆனதும். கடைசிப் படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம் காத்திருக்கிறது. பாக்டீரியா அடர்த்தியானதும் ரெசோருஃபினையும் மேலும் ஒடுக்கி நிறமற்ற, ஒளிராத பொருளாக்கிவிடும். செழிப்பாக வளர்ந்த துளி இருட்டாகி, மருந்து தடுத்த துளியைப் போலவே தெரியும். முதலில் ஒளிர்ந்து பிறகு மங்கிய துளியை வளர்ச்சி என்றே கணக்கில் எடுங்கள். மருந்தில்லாத வரிசை எப்போது மங்கத் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் உங்கள் படிப்பு நேரம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்லைடைத் தரச் சோதனைக்கான ஈ. கோலை ஏடிசிசி 25922 வகைக்கு ஒதுக்குங்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அதன் எம்ஐசி 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம்/மில்லிலிட்டருக்குள் வர வேண்டும். 0.002-இலேயே வளர்ச்சி நின்றால் துளிகள் ஆவியாகி மருந்து செறிந்திருக்கும், பாராஃபிலிமையும் வடிதாளின் ஈரத்தையும் பாருங்கள். 0.03 அல்லது அதற்கு மேல் போனால் மருந்து வெளிச்சத்தில் கெட்டிருக்கலாம், அல்லது பாக்டீரியா அதிகமாகப் போடப்பட்டிருக்கலாம். பாக்டீரியா இல்லாத 24 துளிகளில் ஒன்று ஒளிர்ந்தாலும் அதன் பக்கத்து நிரலோடு பாலம் போட்டிருக்கிறதா என்று நுண்நோக்கியில் பார்த்துவிட்டு, அந்த ஸ்லைடை முழுவதுமாகத் தள்ளிவிடுங்கள்.

முடிந்த ஸ்லைடுகளைப் பிரிக்காமல் அப்படியே 1% ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் மூழ்கவைத்துக் கூர்மையான பொருள்களுக்கான கழிவுப் பெட்டியில் போடுங்கள். மூழ்கியபின் இரு ஸ்லைடுகளுக்கு நடுவே காற்று சிக்கியிருந்தால் திரவம் உள்ளே போகாது, ஒரு ஓரத்தை இடுக்கியால் சற்றுத் தூக்கி விடுங்கள்.